மொட்டை மாடி யாருடையது?
பென்ட்ஹவுஸ் வாங்குமுன் தீர்க்க வேண்டிய கேள்வி

அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சித் தளத்தில், வீட்டுக்குள்ளிருந்தே ஏறிப்போகும் படிக்கட்டும் தனி மொட்டை மாடியுமாக விற்கப்படும் வீட்டைச் சென்னையில் பென்ட்ஹவுஸ் என்கிறார்கள். மற்ற தளங்களைவிட இதற்கு விலை கூடுதல். அந்தக் கூடுதல் விலை எதற்கு என்று கேட்டால், காற்றுக்கும் காட்சிக்கும் என்று விளம்பரம் பதில் சொல்லும். ஆனால் அதே காற்றும் காட்சியும் ஒரு தளம் கீழே இருக்கும் வீட்டுக்கும் ஏறக்குறைய கிடைத்துவிடுகின்றன. பென்ட்ஹவுஸைத் தனித்துக் காட்டுவது அந்தத் திறந்த தளம் ஒன்றுதான். அந்தத் தளமோ கட்டடம் முழுவதற்குமான கூரை. ஒரு குடும்பம் காசு கொடுத்து வாங்கிய முற்றமும், முப்பது குடும்பங்களை மழையிலிருந்து காக்கும் கூரையும் ஒரே கான்கிரீட் தளமாக இருக்கும்போது, அது யாருக்குச் சொந்தம்?

வங்கிக் கடன், பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி. பற்றிய அறிவுரைகள் எந்த ஃபிளாட்டுக்கும் பொருந்துபவை என்பதால் இக்கட்டுரை அவற்றுக்குள் போகவில்லை. பென்ட்ஹவுஸுக்கே உரிய கேள்வி கூரையைப் பற்றியது. அதற்கு இதுவரை சொல்லப்பட்ட பதில்களும், ஒவ்வொன்றின் பலவீனமும் தமிழ்நாட்டை முன்வைத்து இங்கே ஆராயப்படுகின்றன.

உச்சித் தளம் உயர்ந்த கதை

மேல் மாடி என்றால் மேலான வீடு என்ற எண்ணம் அண்மைக் காலத்தது. பண்டைய ரோம் நகரின் அடுக்குக் குடியிருப்புகளில் வசதியானவர்கள் கீழ்த்தளங்களில் இருந்தார்கள். ஏறி இறங்கும் சிரமமும் தீப்பிடித்தால் தப்ப முடியாத ஆபத்தும் ஏழைகளுக்கு விடப்பட்டன. தெருவோரக் கட்டடங்களின் உயரத்தை 70 ரோமானிய அடிக்குள் நிறுத்தும்படி அகஸ்டஸ் ஆணையிட்டதும் இந்த ஆபத்துகளை ஒட்டித்தான். 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸிலும் கூரையடி அறைகள் வேலைக்காரர்களுக்கானவை.

இந்த வரிசையைத் தலைகீழாக்கியது லிஃப்ட். நியூயார்க்கின் ஹாவட் கடையில் 1857-இல் எலிஷா ஓட்டிஸ் பயணிகளுக்கான லிஃப்டைப் பொருத்தினார். ஆனாலும் செல்வர்கள் உச்சிக்குக் குடிபோக அதன் பிறகு இரண்டு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. 1925-இல் 1107 ஐந்தாம் அவென்யூவில் மார்ஜரி மெரிவெதர் போஸ்டுக்காகக் கட்டப்பட்ட, மூன்று தளங்களில் 54 அறைகள் கொண்ட வீட்டைப் பென்ட்ஹவுஸ் மரபின் தொடக்கமாகப் பலர் குறிப்பிடுகிறார்கள். சென்னையில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் எழுந்தது. குடியிருப்பு என்ற அளவில் இந்த நகரம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் மூன்று நான்கு மாடிகளோடு நின்றது. இன்றும் இங்கே பென்ட்ஹவுஸ் என்று விற்கப்படுபவற்றில் பல, தரையில் தூண்களுக்கு இடையே வண்டி நிறுத்தமும் அதற்கு மேல் நான்கைந்து மாடிகளும் கொண்ட, ஸ்டில்ட் பிளஸ் நான்கு, ஸ்டில்ட் பிளஸ் ஐந்து கட்டடங்களின் மேல்தள டூப்ளெக்ஸ்கள். நியூயார்க் உச்சித் தளத்தின் பெயர் வடாம் காயப்போடும் மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்தபோது, புழங்கும் பழக்கமும் தனியுரிமையும் மோதத் தொடங்கின.

பத்திரத்தில் எழுதியவருக்கே என்னும் பதில்

முதல் பதில் மிக எளியது: மொட்டை மாடி யாருக்கு என்று பத்திரம் சொல்கிறதோ அவருக்கு. 1980-களிலும் 90-களிலும் சென்னையில் ஃபிளாட் விற்பனை இரண்டு காகிதங்களால் நடந்தது. மனையில் பிரிபடாத பங்கு, அதாவது யு.டி.எஸ்., ஒரு கிரயப் பத்திரத்தில் போகும். வீட்டைக் கட்டிக் கொடுப்பதற்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம். இந்த இரண்டுக்கும் நடுவே, மொட்டை மாடி உரிமையைப் புரமோட்டரோ மனைக்காரரோ தம்மிடம் வைத்துக்கொள்வதாக ஒரு வரி நுழைந்துவிடும். பழைய வீட்டை இடித்துக் கட்ட இடம் கொடுத்த மனைக்காரர் தம் பங்காக உச்சித் தளத்தையும் அதன் மேல்தளத்தையும் எடுத்துக்கொள்வது வழக்கமான ஏற்பாடாகவே இருந்தது.

வாங்குபவர், விற்பவர் இருவரும் மனமொத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மூன்றாமவர் ஏன் கேள்வி கேட்க வேண்டும் என்பது இந்த நிலைப்பாட்டின் வலிமை. அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. மேல்தள வீட்டுக்காரரின் பத்திரத்தில் இருக்கும் வரி முதல் மாடிக்காரரின் பத்திரத்தில் இல்லாமல் போகலாம். அவருடைய பத்திரம் பொது இடங்கள் அனைத்திலும் பங்கு என்று சொல்லியிருந்தால், ஒரே தளம் இரண்டு முறை கொடுக்கப்பட்டதாகிவிடும். பென்ட்ஹவுஸ் வாங்குகிறவர் தமக்கு எழுதப்படும் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார். அதே கட்டடத்தில் ஏற்கெனவே பதிவான மற்ற வீடுகளின் பத்திரங்களில் ஒன்றிரண்டின் நகலை எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. முதல் பதிலை நம்பி வாங்குவோருக்கு இதைவிடப் பயனுள்ள சோதனை வேறில்லை.

இன்னொன்று: பில்டர் தம் லெட்டர்ஹெட்டில் தரும் ஒதுக்கீட்டுக் கடிதம் பத்திரம் ஆகாது. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்துரிமையை உண்டாக்கும் ஆவணம் பதிவாக வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் பழைய விதி.

எல்லோருக்கும் பொது என்னும் பதில்

இரண்டாவது பதில் அபார்ட்மென்ட் உடைமைச் சட்டங்களிலிருந்து வருகிறது. 1970-ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டம் அடித்தளம், தூண், உத்தரம், முதன்மைச் சுவர் ஆகியவற்றோடு கூரையையும் பொது இடங்களின் பட்டியலில் வைத்தது. தமிழ்நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் பொது இடம், பிரிக்கவொண்ணாப் பங்கு என்ற அதே மரபில் வந்தது. அதன் இடத்தில் இப்போது 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா, பொது இடங்களை வரையறுக்கும்போது மொட்டை மாடிகளையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. அந்தப் பொது இடங்களைச் சங்கத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் கடமையையும் புரமோட்டர் மேல் வைக்கிறது.

நீதிமன்றங்களின் போக்கும் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. நஹல்சந்த் லாலூசந்த் நிறுவனத்துக்கும் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடத்தின் பகுதி, அதைத் தனி வீடுபோலப் புரமோட்டர் விற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ், வண்டி நிறுத்துமிடம் பற்றி வந்த தீர்ப்பு. அதன் தர்க்கத்தை மொட்டை மாடிக்கும் நீட்டலாம் என்று குடியிருப்போர் சங்கங்கள் வாதிடுகின்றன. அந்த வாதத்தைத் தள்ளிவிடுவது எளிதல்ல.

ஆனால் ரெராவே இந்தப் பதிலைச் சிக்கலாக்குகிறது. வீட்டுக்குள் புழங்கும் தளப் பரப்பான கார்ப்பெட் ஏரியாவை வரையறுக்கும் பிரிவில், ஒரு வீட்டாரின் தனிப் பயன்பாட்டுக்கான திறந்த மொட்டை மாடி என்று ஒரு வகையை அது ஏற்கிறது. அந்தப் பரப்பைக் கார்ப்பெட் ஏரியாவில் சேர்க்கக் கூடாது என்கிறது. திட்டத்தைப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு வீட்டோடும் சேர்ந்த தனி மொட்டை மாடிப் பரப்பைத் தெரிவிக்கவும் சொல்கிறது. ஒரு பிரிவில் பொது, இன்னொரு பிரிவில் தனி! இரண்டையும் பொருத்தி வாசிக்க வழி இருக்கிறது: அனுமதி பெற்ற வரைபடத்திலும் ரெரா பதிவிலும் தொடக்கத்திலேயே தனி என்று காட்டப்பட்ட தளம் தனி, மற்றவை பொது. இந்த வாசிப்பு நியாயமானது. ஆனால் சட்டம் அதை இந்தச் சொற்களில் சொல்லவில்லை.

பயன்பாடு மட்டும் என்னும் நடுவழி

மூன்றாவது பதில் உடைமையையும் பயன்பாட்டையும் பிரிக்கிறது. கூரை எல்லோருக்கும் சொந்தம். அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார ஒருவருக்கு மட்டும் உரிமை. அமெரிக்காவில் 1962-இல் கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் வெளியிட்ட மாதிரிச் சட்டம் வழியாகப் பரவிய ‘வரையறுக்கப்பட்ட பொது இடம்’ என்ற இந்த வகை இந்திய மாநிலச் சட்டங்களிலும் இடம்பெற்றது.

இருக்கிற பதில்களில் தர்க்கத்துக்கு அதிகம் நிற்பது இதுதான் என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குழாய், இடிதாங்கி, லிஃப்ட் அறை எல்லாம் மேலே இருக்கும் கட்டடத்தில் முழு உடைமை என்ற பேச்சு நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் விலையில் இந்தப் பதில் பிரதிபலிப்பதில்லை. மொட்டை மாடிப் பரப்பில் பாதியையோ மூன்றில் ஒன்றையோ விற்பனைப் பரப்போடு சேர்த்து, அதே சதுர அடி விலையால் பெருக்குவது சந்தை வழக்கம். 1,200 சதுர அடித் தளத்தில் பாதி என்றால் 600 சதுர அடிக்கான காசு. அதற்கு ஈடாக மனையில் பங்கு கூடுகிறதா என்று பார்த்தால், பல பத்திரங்களில் கூடுவதில்லை. இருபது ஆண்டு கழித்துக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது கணக்கில் வருவது யு.டி.எஸ். பயன்பாட்டு உரிமை அந்தக் கட்டடத்தோடு முடிந்துபோகக்கூடும். 2022-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதத்தோடு மறுகட்டுமானத்துக்கு வழி செய்திருப்பதால் இது இனித் தொலைதூரக் கவலை அல்ல.

வரைபடமே முடிவு என்னும் பதில்

நான்காவது பதில் நம் நாட்டில் வேர்விடாதது. ஆனாலும் ஒப்பிடத் தக்கது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1961-இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டா முறையைப் பின்பற்றிச் சிங்கப்பூர் 1967-இல் தன் சட்டத்தை அமைத்தது. ஒவ்வொரு வீட்டின் எல்லையும் பதிவான வரைபடத்தில் இருக்கும். மொட்டை மாடி அந்தக் கோட்டுக்குள் இருந்தால் வீட்டுக்காரருக்கு, வெளியே இருந்தால் பொது. இலங்கையின் 1973-ஆம் ஆண்டு அபார்ட்மென்ட் உடைமைச் சட்டமும் பதிவான வரைபடத்தையே அடிப்படையாகக் கொள்கிறது.

தகராறு குறைகிறது என்பது இதன் நன்மை. ஆனால் கோடு உடைமையைத் தீர்க்குமே தவிர விலையைத் தீர்க்காது. சிங்கப்பூரில் பென்ட்ஹவுஸின் உயர்ந்த கூடத்துக்கு மேலுள்ள வெற்றிடம்கூட ஸ்ட்ராட்டா பரப்பில் எண்ணப்பட்டு வந்தது; அதாவது கால் வைக்க முடியாத இடத்துக்கும் காசு. 2023 ஜூன் 1 முதல் அரசு நிறுவனங்கள் தள அளவை முறைகளை ஒன்றாக்கிய பிறகு புதிய திட்டங்களில் அந்தக் கணக்கு மாறியது.

நாளைக்கு எழும்பும் மாடி

மேலே சொன்ன நான்கு பதில்களும் இன்றிருக்கும் தளத்தைப் பற்றியவை. அதன்மேல் இன்னொரு மாடி எழுப்பும் உரிமை வேறு கேள்வி. பென்ட்ஹவுஸ் உரிமையாளரை அதிகம் பாதிப்பதும் அதுவே. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தபோது, உயரமில்லாக் கட்டடங்களுக்கான எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற விகிதம், 1.5-இலிருந்து 2 ஆனது; உயர வரம்பு 18.3 மீட்டர். 1.5 கணக்கில் கட்டிமுடித்த கட்டடங்களின் தலைக்கு மேல், காகிதத்தில், புதிதாக இடம் பிறந்தது. அது யாருக்கு? எதிர்கால எஃப்.எஸ்.ஐ. தமக்கே என்று எழுதிவைத்த புரமோட்டருக்கா, மனையில் பங்குள்ள எல்லோருக்குமா, அந்தத் தளத்தைத் தனியாக அனுபவிப்பவருக்கா?

அனுமதி பெற்ற வரைபடத்தை மாற்ற, புரமோட்டர் நீங்கலாக ஒதுக்கீடு பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும் என்று ரெரா சொல்கிறது. நொய்டாவின் இரட்டைக் கோபுரங்களை இடிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ஆணையிட்டதற்குக் குடியிருப்போர் சம்மதம் பெறாததும் ஒரு காரணம். ஆகவே புதிய திட்டங்களில் புரமோட்டரின் கை ஓரளவு கட்டப்பட்டிருக்கிறது. பழைய கட்டடங்களில், மறுவிற்பனைக்கு வரும் மேல்தள வீடுகளில், நிலை அவ்வளவு தெளிவாக இல்லை. அங்கே மூலப் பத்திரத்தின் எஃப்.எஸ்.ஐ. வரி ஒன்றைத் தேடிப் படிப்பது, வில்லங்கச் சான்று எடுப்பதற்கு இணையான வேலை.

முதலில் இடிபடும் தளம்

விதிமீறிய கட்டடத்தில் மீறல் வழக்கமாக மேலேதான் இருக்கிறது. மும்பை வோர்லியின் காம்பா கோலா வளாகத்தில் ஐந்து மாடிகளுக்கே அனுமதி இருந்தது; 1980-களில் ஒரு கட்டடம் 20 மாடியும் இன்னொன்று 17 மாடியுமாக எழுந்தன. மேல் மாடிகளை இடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னபோது கீழ் ஐந்து மாடிக்காரர்களின் வீட்டுக்கு ஆபத்து இல்லை.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் சேர்க்கப்பட்ட 113-ஏ பிரிவு, கட்டணம் வாங்கிக்கொண்டு மீறல்களை வரன்முறைப்படுத்தியது. உச்ச நீதிமன்றம் 2000-இல் ஒருமுறை நடவடிக்கை என்ற அளவில் அதை ஏற்றது. வரன்முறை வரும் என்ற நம்பிக்கை மட்டும் அதன் பிறகும் சந்தையில் தங்கிவிட்டது. பென்ட்ஹவுஸில் மீறல் பெரிதாகக் கண்ணுக்குப் படாது. பெர்கோலா என்று வரைபடத்தில் இருப்பது தகரக் கூரையோடும் அலுமினியக் கண்ணாடியோடும் அறையாகியிருக்கும். படிக்கட்டுத் தலையறை கொஞ்சம் நீண்டு உடற்பயிற்சிக் கூடமாகியிருக்கும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. அனுமதித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலே நின்று ஒவ்வொரு சுவராக ஒப்பிட்டால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். நிறைவுச் சான்றிதழ் அந்த அறை முளைப்பதற்கு முன்பே வாங்கப்பட்டதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கூரையைச் சுமப்பவர்

உரிமை யாருக்கு என்று வழக்காடுபவர்கள் கூரை என்ன வேலை செய்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். பழைய மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்தரங்களின் மேல் செங்கலை நிறுத்திவைத்து அடுக்கி, சுண்ணாம்பில் செங்கல் ஜல்லி கொட்டி இடித்து, தட்டோடு பதித்த கனமான கூரை. இன்றைய கான்கிரீட் தளம் மெலிந்தது; வெறுமனே விட்டால் சூட்டை நேராகக் கீழே இறக்கும். குடியிருப்புகளுக்கான ஆற்றல் நெறியான 2018-ஆம் ஆண்டு ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ கூரையின் வெப்பக் கடத்து அளவு சதுர மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு 1.2 வாட்டுக்கு மிகக் கூடாது என்கிறது. காப்பில்லாத கான்கிரீட் தளத்துக்கு அது 3-க்கு மேலேயே இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இரவு பத்து மணிக்கு மேல்தள வீட்டின் சீலிங்கைத் தொட்டுப் பார்த்தால் எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

எடைக் கணக்கு இதைவிட முக்கியம். இந்தியத் தர நெறி ஐ.எஸ். 875, நடமாடும் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ சுமையைக் கணக்கில் கொள்கிறது. நான்கடி ஆழ நீச்சல் தொட்டியில் சதுர மீட்டருக்கு 1,200 கிலோ தண்ணீர் நிற்கும். ஓரடி ஈர மண்ணில் புல்வெளி போட்டாலே 500 கிலோ. தொட்டியும் தோட்டமும் கட்டமைப்பு வரைபடத்திலேயே இருந்தனவா, பிறகு வந்த யோசனையா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல முடியும். விற்பனைப் பிரதிநிதி சொல்லக் கூடாது. கட்டமைப்புக் குறைகளைக் கைமாற்றிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சுட்டிக்காட்டினால் புரமோட்டர் செலவில் சரிசெய்ய வேண்டும் என்ற ரெரா விதி உண்டு. வாங்கியவரே பிறகு கட்டிய தொட்டிக்கு அது துணை வராது.

தண்ணீரில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொட்டிக்கு மிக அருகில் இருக்கும் வீட்டில்தான் குழாய் மெலிதாக வரும். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தம் 0.3 பார் மட்டுமே. மேல்தளக் குளியலறை ஷவருக்குப் பிரஷர் பம்ப் இல்லாமல் முடியாது. காற்றோ எதிர்மாறாக வலுக்கும். சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். கோவைக்கும் மதுரைக்கும் 39. இது தரையிலிருந்து பத்து மீட்டரில் உள்ள கணக்கு, உயர உயரக் கூடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் கரையேறிய நகரத்தில், தரையிலிருந்து சீலிங் வரை கண்ணாடி வைத்த கூடத்தை வாங்குபவர் அந்தக் கண்ணாடியின் தடிமனையும் சட்டத்தையும் கேட்டறிவது வீண் பயமல்ல.

ஒழுகல்தான் கடைசியில் எல்லோரையும் சங்கக் கூட்டத்துக்கு இழுக்கிறது. தனி மொட்டை மாடியின் வடிகால் வாயில் நான்கு வாதாம் இலை அடைத்தால், நனைவது கீழ்வீட்டின் படுக்கையறை. நீர்க்காப்பு போடும் செலவு யாருடையது? கூரை பொது என்றால் சங்கம். தனி என்றால் மேலே இருப்பவர். உரிமையில் தனி, செலவில் பொது என்று இரண்டையும் கேட்பவர்கள் உண்டு. எதிர்த் தரப்பும் இதைத் திருப்பிச் செய்வதுண்டு. பராமரிப்புக் கட்டணத்திலும் இதே இழுபறி. வீனஸ் கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கில் 2003-இல் மும்பை உயர் நீதிமன்றம், பெரிய வீடு என்பதற்காக அதிகம் வாங்கக் கூடாது, எல்லோருக்கும் சமம் என்ற பக்கம் நின்றது. அது கூட்டுறவுச் சங்கத்துக்கு. அபார்ட்மென்ட் உடைமைச் சட்டங்களின் மரபில் பிரிபடாத பங்கின் விகிதமே அளவுகோல். நடைமுறையில் சென்னைச் சங்கங்கள் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்கின்றன. அந்தச் சதுர அடியில் மொட்டை மாடி சேருமா என்பது ஒவ்வொரு சங்கமும் தன் துணைவிதியில் எழுதிக்கொள்வதுதான்.

தீராமல் நிற்பவை

பழைய பதில்களில் முதலாவது, பத்திரம் மட்டுமே போதும் என்பது, ரெராவுக்குப் பின் தனித்து நிற்க முடியாததாகிவிட்டது என்று சொல்லலாம். முற்றிலும் பொது என்பதும் ரெராவின் சொந்த வரையறையோடு இடிக்கிறது. அனுமதி வரைபடம், ரெரா பதிவு, பதிவான பத்திரம் ஆகிய மூன்றும் ஒரே பரப்பை, ஒரே பெயருக்குத் தனிப் பயன்பாடு என்று காட்டும் இடத்தில் வாங்குபவரின் நிலை ஓரளவு பாதுகாப்பானது. மூன்றில் ஒன்று மௌனமாக இருந்தாலும் மொட்டை மாடிக்கான விலையைத் தள்ளிவைத்துவிட்டு, வெறும் மேல்தள ஃபிளாட்டாகவே பேரம் பேசுவது விவேகம். ரெராவுக்கு முந்தைய கட்டடங்களில் அந்த மூன்றாவது ஆவணமே இராது. அங்கே மற்ற குடியிருப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் எவ்வளவு எடை பெறும் என்பது வழக்குக்கு வழக்கு மாறக்கூடும்.

இதற்கிடையில் புதிய உரிமைக்காரர் ஒருவர் கூரைக்கு வந்திருக்கிறார். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், குடியிருப்போர் சங்கங்கள் பொதுத் தேவைக்குச் சூரியத் தகடு வைக்கக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் தருகிறது. லிஃப்டும் மோட்டாரும் ஓடும் மின்கட்டணத்தைக் குறைக்க வெயில் படும் இடம் வேண்டும். அந்த இடத்தின் பெரும்பகுதி ஒரு பென்ட்ஹவுஸின் வேலிக்குள் இருக்கலாம். பயன்பாட்டு உரிமை தளத்தோடு நிற்கிறதா, தளத்துக்கு ஏழடி மேலே சட்டம் அடித்துப் பதிக்கும் தகட்டையும் தடுக்குமா என்பதற்கு இதுவரை பார்த்த எந்தப் பதிலிலும் நேரான விடை இல்லை.